மருத்துவமனை அறிவிப்பு மைக்கை இயக்கும் முறை

பெரிய மருத்துவமனைகளின் வரவேற்பு மேசையில், வளைந்த கழுத்துடைய மைக்கும் அதன் அடியில் வரிசையாகப் பொத்தான்களும் கொண்ட சிறு பெட்டி ஒன்று இருக்கும். கால் ஸ்டேஷன் என்று பெட்டியின் மேல் எழுதியிருந்தாலும், ஊழியர்கள் அதை அறிவிப்பு மைக் என்றே சொல்வார்கள். கல்யாண மண்டபத்து மைக்கைப் போல இதைக் கையாள முடியாது. மண்டபத்தில் பேசுகிறவர் தம் குரலைத் தாமே கேட்டுத் திருத்திக்கொள்ளலாம்; இங்கே அவருடைய குரல், அவர் காதுக்கு எட்டாத மூன்றாவது மாடியில் ஒலிக்கிறது. ஆகவே காதை நம்பாமல், பெட்டியில் எரியும் விளக்குகளைப் பார்த்து வேலை செய்யப் பழக வேண்டும்.

பொத்தானைத் தொடும் முன், வேறு யாரேனும் பேசிக்கொண்டிருக்கிறார்களா என்பதைக் காட்டும் விளக்கைப் பாருங்கள். அதன் நிறம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும் என்பதால், எந்த விளக்குக்கு என்ன பொருள் என்பதைச் சீட்டில் எழுதி மேசையில் ஒட்டிவைப்பது நல்லது. பெரும்பாலான அமைப்புகளில் ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு முன்னுரிமை வரிசை உண்டு. பாதுகாப்பு அறையின் அவசர மைக் இயங்கினால், பின்னணி இசையும் உங்கள் அறிவிப்பும் நடுவிலேயே நின்றுபோகலாம். இது பழுது அன்று.

அடுத்து, அறிவிப்பு எந்தப் பகுதிக்கு என்பதைத் தேர்ந்தெடுங்கள். எல்லாப் பகுதிகளுக்கும் சேர்த்து ஒரே பொத்தான் இருக்கும். அதை அழுத்துவது எளிது என்பதாலேயே பலரும் அதையே அழுத்துகிறார்கள். வெளிநோயாளிகள் பிரிவில் ஒருவரை அழைப்பதற்காக, அறுவை சிகிச்சை முடிந்து உறங்குகிறவரை எழுப்ப வேண்டியதில்லை. அத்துடன், தமக்குத் தொடர்பில்லாத அறிவிப்புகளையே நாள் முழுவதும் கேட்கும் ஊழியர்கள், தமக்கான அறிவிப்பு வரும்போதும் கவனிக்க மாட்டார்கள்.

பேசும் பொத்தானை அழுத்தியதும் பல அமைப்புகளில் முதலில் ஒரு மணியோசை எழும். புதியவர்கள் மிகுதியாகத் தவறுவது இந்த இடத்தில்தான்: ஓசை முடியும் முன்பே பேசத் தொடங்குவதால், முதல் சொல், பெரும்பாலும் அழைக்கப்படுகிறவரின் பெயர், விழுங்கப்பட்டுவிடுகிறது. ஓசை அடங்கி, பேசலாம் என்ற விளக்கு எரிந்தபின் தொடங்குங்கள். ரயில் நிலையத்தில் 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று தொடங்குவதில் மரியாதையோடு ஒரு பயனும் இருக்கிறது. செய்தி ஏதுமில்லாத அந்தச் சில சொற்கள் முடிவதற்குள் கேட்பவரின் காது திரும்பிவிடுகிறது.

மைக்குக்கும் வாய்க்கும் இடையே 10 முதல் 15 செ.மீ. இடைவெளி போதும். மைக்கின் நேர் எதிரே பேசினால், 'ப' என்னும் ஒவ்வோர் எழுத்துக்கும் மூச்சுக்காற்று மோதி 'பட்'டென்று வெடிக்கும். சற்றுப் பக்கவாட்டில் வைத்துப் பேசினால் அது குறையும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. நீண்ட தாழ்வாரத்தில் 34 மீட்டர் தள்ளியுள்ள ஸ்பீக்கரின் ஓசை, பத்தில் ஒரு நொடி தாமதித்து வந்து, அருகிலுள்ள ஸ்பீக்கரின் ஓசையோடு மோதும். இந்தக் குழப்பத்துக்கு மருந்து நிதானமாகப் பேசுவதே. கத்தினால் குழப்பமும் சேர்ந்து பெரிதாகும். எண்களைத் தனித்தனி இலக்கமாகச் சொல்லுங்கள். 'அறுபது', 'எழுபது' இரண்டும் ஸ்பீக்கரில் ஒன்றுபோலவே கேட்கும். 'ஆறு, பூஜ்யம்' என்றால் ஐயமே இல்லை. பாண்டியன் எக்ஸ்பிரஸின் எண் 12637-ஐயும் 'ஒன்று, இரண்டு, ஆறு, மூன்று, ஏழு' என்றே அறிவிக்கிறார்கள்.

'கோட் ப்ளூ' (ஒருவருக்கு இதயமோ மூச்சோ நின்றுவிட்டது என்பதற்கான குறிச்சொல்) போன்ற அவசர அழைப்பில், குறிச்சொல்லையும் தளத்தையும் வார்டையும் மட்டும் சொல்லி, அதே சொற்களில் மீண்டும் சொல்லுங்கள். இரண்டாவது முறை சொற்களை மாற்றினால், இரண்டு இடங்களில் அழைப்பு என்று எண்ணி ஓடுகிறவர்கள் உண்டு.

பேசி முடித்ததும் விளக்கு அணைந்ததா என்று பாருங்கள். சில பெட்டிகளில் கையை எடுத்தாலே மைக் நின்றுவிடும். சிலவற்றில் மறுபடி அழுத்தினால்தான் நிற்கும். நான் பணியாற்றிய ஓரிடத்தில் இந்த வேறுபாடு தெரியாமல், கேண்டீன் சாம்பாரைப் பற்றி இருவர் பேசிய பேச்சு ஐந்து மாடிகளிலும் ஒலித்தது. அவர்களுக்கு மட்டும் அது கேட்கவில்லை.

மைக் விசிலடித்தால், அதன் அருகிலுள்ள ஸ்பீக்கரின் ஒலி மைக்குக்குள் திரும்பப் புகுகிறது என்று பொருள். வரவேற்புப் பகுதியைத் தேர்விலிருந்து நீக்கிப் பாருங்கள், அல்லது அந்த ஸ்பீக்கரின் ஒலியைக் குறைக்கச் சொல்லுங்கள். ஸ்பீக்கர் கம்பிகளில் 100 வோல்ட் வரை பாயக்கூடும் என்பதால், இணைப்புகளை நீங்களே பிரித்துப் பார்க்க வேண்டாம்.

காலையில் மைக்கைச் சோதிக்க, அதைத் தட்டுவதும் ஊதுவதும் வேண்டாம். ஒருவரைக் கைபேசியுடன் கடைசி வார்டின் மூலையில் நிற்கச் சொல்லி, வழக்கமான குரலில் ஒரு பதிவு எண்ணைப் படியுங்கள். அவர் அதைத் திருப்பிச் சரியாகச் சொன்னால் போதும்.