சத்தமில்லாத சின்னக் கணினிக்கு மதர்போர்டு: என் அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை, மதிய வெயிலில் கூடமே அடுப்பாகிவிடும், அந்த நேரம் பழைய கணினியின் ஃபேன் போடுகிற இரைச்சலில் அம்மாவுக்கு டிவி நாடகம் காதில் விழாது. படம் பார்க்க, கணக்கு எழுத, தம்பி பாடம் படிக்க, இவ்வளவுதான் வேலை. அதற்கு 2023-இல் வந்த இன்டெல் என்100 பிராசசர் தாராளம்: 4 கோர், 6 வாட். மதர்போர்டிலேயே, அதாவது பாகங்களை இணைக்கும் பலகையிலேயே, பற்றவைத்து வரும், பிறகு மாற்ற முடியாது, பரவாயில்லை.

நான் வாங்கிய மதர்போர்டு ஏஎஸ்ராக் என்100டிசி-ஐடிஎக்ஸ். ஃபேன் கிடையாது, சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்க் மட்டும்தான். பெரிய பவர் சப்ளையும் வேண்டாம், 19 வோல்ட் அடாப்டரை நேராகச் செருகலாம், முனை பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். ரேமுக்கு ஒரே ஸ்லாட், இன்டெல் சொல்லும் உச்சவரம்பே 16 ஜிபி, அதையே முதலில் போட்டுவிட்டேன்.

ஃபேன் இல்லை என்றால் காற்றோட்டம் வேண்டுமே! டிவி அலமாரிக்குள் அடைக்காமல், ஓட்டை நிறைந்த கேஸை வெளியே நிமிர்த்தி வைத்தேன், சூடு தானாக மேலே போய்விடுகிறது. உச்சி வெயிலில் தொட்டால் கொஞ்சம் சுடும். அப்புறம் 12 சென்டிமீட்டர் ஃபேன் ஒன்றை மெதுவாக ஓடவிட்டேன், அதுவும் சரியாயிற்று. இடி இடித்தால் மட்டும் அடாப்டரைக் கழற்றிவிடுவேன், இந்தப் பக்கத்து மின்னல் அப்படி.