உவர்த்தரவையைத் தரிசு என்று எழுதாதீர்கள்: வன்னிக் களப்போர ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓகஸ்ட் மாதத்தில் வட்டுவாகல் பாலத்தைக் கடக்கும் பஸ்ஸிலிருந்து பார்த்தால் நந்திக்கடல் என்ற கடலோரக் களப்பின் ஓரம் வெளுத்துக் கிடக்கும். நீர் உள்வாங்கிய இடமெல்லாம் உப்புப் பூத்திருக்கும். இடையிடையே உமரி என்ற உப்பைத் தாங்கும் செடி செந்நிறத் திட்டுகளாகத் தெரியும். அதே இடத்தைத் தை மாதத்தில் பார்த்தால் நீர் பரந்து நிற்கும், கரையோரம் பசுமை படர்ந்திருக்கும், நாரைகளும் உள்ளான்களும் மேய்ந்துகொண்டிருக்கும். இரண்டும் ஒரே நிலம். உப்பைத் தாங்கும் செடிகள் வளரும் இத்தகைய கரையோர ஈரநிலமே உவர்ச்சதுப்பு; அதன் திறந்த வெளிதான் உவர்த்தரவை. இதை மனத்தில் பதித்துக்கொள்ளாமல் உவர்ச்சதுப்பு ஆய்வுக்கு இறங்குபவர்கள் வன்னியில் தொடர்ந்து ஒரே குழியில் விழுகிறார்கள்.

நானும் விழுந்தேன். முதன்முறை களத்துக்குப் போனது கடுங்கோடையில். ஒரு சதுர மீற்றர் சட்டகத்தை உப்புப் படிந்த தரையில் வைத்துவிட்டு, "தாவரம் இல்லை" என்று குறிப்பேட்டில் எழுதினேன். மாரி முடிந்து திரும்பிப் போனபோது அதே சட்டகத்துக்குள் உமரி நாற்றுகளை எண்ணி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. விதைகள் அந்த உப்புப் பொருக்கின் கீழேயே காத்திருந்திருக்கின்றன. மழை நீர் உப்பைக் கழுவி இறக்கும் சில வாரங்களே அவை முளைக்கும் காலம். அன்றிலிருந்து, ஒரே பருவத்தில் எடுத்த தரவுகளை வைத்து வன்னிக் கரையோரம் பற்றி முடிவு எழுதும் எந்த அறிக்கையையும் நான் ஐயத்துடன்தான் வாசிக்கிறேன். இறுதியாண்டு ஆய்வுக்கு நேரம் குறைவு என்று மாணவர்கள் சொல்வார்கள். இடங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள், பருவங்களைக் குறைக்காதீர்கள். ஐப்பசி முதல் தை வரை ஒருமுறையாவது, ஆடி ஆவணியில் ஒருமுறையாவது அதே புள்ளிகளுக்குப் போக வேண்டும்.

செய்மதிப் படத்தை நம்பி இருப்பவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் மேகம் மறைப்பதால், தெளிவான படங்கள் பெரும்பாலும் கோடையிலேயே கிடைக்கின்றன. கோடையில் உமரி சிவந்துவிடும். பசுமையை அளக்கும் குறியீடு அதைத் தாவரமாகவே கணக்கில் எடுக்காமல் "வெற்று நிலம்" என்று வகைப்படுத்திவிடும். லான்ட்சாட் படத்தின் ஒரு புள்ளி நிலத்தில் 30 மீற்றர், சென்டினல் படத்தின் ஒரு புள்ளி 10 மீற்றர். களப்பின் விளிம்பில் பல இடங்களில் உமரிப் பட்டியின் அகலமே அதைவிடக் குறைவு. உலக உவர்ச்சதுப்புகளைத் தொகுத்து 2017இல் வெளியான வரைபடம் 43 நாடுகளில் ஏறத்தாழ 55 இலட்சம் ஹெக்டேயரைக் காட்டியது. அதிலும் இடைவெளிகள் இருப்பதை அதைச் செய்தவர்களே ஒப்புக்கொண்டிருந்தார்கள். வரைபடத்தில் இல்லை என்பதற்காக நிலத்திலும் இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

அடுத்த தவறு பாடப்புத்தகத்திலிருந்து வருகிறது. உவர்ச்சதுப்பு பற்றிய அடிப்படை ஆய்வுகளில் பெரும்பகுதி ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் அத்திலாந்திக் கரையிலும் செய்யப்பட்டவை. அங்கே கடல் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கி, உயரமான புல்வெளிகளை நனைத்துப் போகும். நம் கரையில் வற்றுப்பெருக்கின் வேறுபாடு ஒரு மீற்றரையும் எட்டாது. களப்பின் வாயை மணல்திட்டு மூடிவிட்டால் அந்தச் சிறிய ஏற்றமும் உள்ளே வராது. வன்னியில் சதுப்பை ஆள்வன மூன்று: மழை, முகத்துவாரம், குளத்து நீர். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டால் கனகராயன் ஆற்று வெள்ளம் சுண்டிக்குளம் பக்கக் களப்பின் உப்பைச் சில நாட்களில் தணித்துவிடும். 2018 டிசெம்பர் வெள்ளத்தை நேரில் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோடையிலோ அதே நீர் ஆவியாகி ஆவியாகிக் கடலைவிட உப்பாகும். கடல்நீரில் கிலோவுக்கு 35 கிராம் அளவு உப்பு என்ற எண்ணை உச்சவரம்பாக வைத்துக் கருவியைத் தேர்ந்தெடுத்தவர்கள் களத்தில் கைபிசைந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

மண் உப்பை அளக்கும்போது மேற்பொருக்கை மட்டும் சுரண்டி எடுக்காதீர்கள். வேர் இருக்கும் ஆழம் வரை, குறைந்தது 30 சென்ரிமீற்றர், அடுக்கடுக்காக எடுங்கள். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனை எந்த முறையில் அளந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஒரு பங்கு மண்ணுக்கு ஐந்து பங்கு நீர் கலந்து அளந்த எண்ணையும், நிறைவுற்ற மண்குழம்பிலிருந்து வடித்து அளந்த எண்ணையும் ஒரே அட்டவணையில் வைத்து ஒப்பிட்டால் முழு அட்டவணையும் பாழ். நிலத்தின் உயரத்தை அளக்கக் கைக்கடக்கமான ஜி.பி.எஸ். போதாது. அதன் உயரப் பிழையே பல மீற்றர் வரும், இங்கே பத்து சென்ரிமீற்றர் ஏற்றத்தில் ஒரு தாவரம் முடிந்து இன்னொன்று தொடங்குகிறது. நில அளவையாளர் பயன்படுத்தும் மட்டக்கருவியை இரவல் வாங்கியாவது அளந்துவிடுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்தும் தவறு ஒன்று உண்டு: உமரித் தரவையில் கண்டல் மரம் நடுவது.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் கண்டல் காடு கரையைக் காக்கும் என்ற நம்பிக்கை பரவியது. கண்டல் இயல்பாக வளரும் இடத்தில் அது நல்ல நம்பிக்கைதான். ஆனால் நடுவதற்கு இடம் தேடியவர்களின் கண்ணில் யாரும் உரிமை கோராத "வெறுந்தரை" பட்டது. முருங்கைக்காய் போல் நீண்ட கண்டல் நாற்றுகளை வரிசை வரிசையாக ஊன்றினார்கள். அந்த நாற்று ஓரளவு நீரோட்டமும் மிதமான உப்பும் உள்ள சேற்றில் வளர்வது. கோடையில் உப்பு விளையும் தரையில் அதனால் நிற்க முடியாது. இலங்கை முழுவதும் 23 இடங்களில் நடந்த கண்டல் நடுகைகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, 9 இடங்களில் ஒரு கன்றுகூடப் பிழைக்கவில்லை என்றும், பாதிக்கு மேல் பிழைத்தவை மூன்றே இடங்கள் என்றும் காட்டியது. தவறான இடத்தில் நட்டதும், நட்டபின் பராமரிக்காததும் முக்கிய காரணங்கள். நாற்று செத்தால் இழப்பு அத்துடன் முடிவதில்லை. நடுவதற்காகத் தோண்டிய வாய்க்கால்களும் மிதித்த தடங்களும் உமரியையும், அதன் அடியில் மண்ணைப் பிடித்து வைத்திருந்த பாசிப்படலத்தையும் கிழித்துவிடுகின்றன. வலசைப் பறவைகள் பல திறந்த வெளியையே நாடி வருகின்றன. மன்னாரின் வங்காலை 2010இல் ராம்சார் சாசனத்தின் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தபோது அதன் மதிப்பில் பெரும்பங்கு இத்தகைய திறந்த உவர்வெளிகளுக்கும் ஆழமற்ற நீருக்கும் உரியது. ஒரு தரவையில் மரம் இல்லாதது குறை என்று முடிவெடுக்கும் முன், அங்கே எப்போதாவது மரம் இருந்ததா என்று ஊரில் கேளுங்கள்.

ஊரில் கேட்பது என்றால் வினாத்தாளோடு ஒரு மத்தியான நேரத்தில் போய்வருவது அல்ல. முகத்துவாரம் எந்த ஆண்டு எந்த வாரத்தில் வெட்டப்பட்டது, அதன்பின் இறால் எப்போது உள்ளே ஏறியது, எந்த ஓரத்தில் மாடுகள் கோடையிலும் மேய்ந்தன என்பவை களப்புத் தொழிலாளரிடமும் மாட்டுப்பட்டி வைத்திருப்பவர்களிடமும்தான் இருக்கின்றன. நந்திக்கடல் ஓரத்தில் ஒரு முதியவர் என்னிடம், "தம்பி, வாய் திறந்த நாளை எழுதாமல் உப்பை எழுதி என்ன பயன்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகே என் தரவு அட்டவணையில் முகத்துவாரத்துக்கு ஒரு நிரல் சேர்ந்தது. இந்தக் கரையில் 2009இல் நடந்ததை மறந்துவிட்டும் யாரும் கேள்வி கேட்கக்கூடாது. அந்தச் சேற்றில் உறவுகளை இழந்தவர்களிடமே நாம் செடியைப் பற்றிக் கேட்கிறோம். அவர்கள் பேச விரும்பாத நாளில் எழுந்து வந்துவிட வேண்டும். கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதிசெய்யப்படாத இடத்தில் துளைகருவியை இறக்கவே கூடாது.

சதுப்பு மண்ணில் உள்ள கரிமச் சேமிப்பை அளப்பவர்களுக்குச் சுருக்கமாக இரண்டு. வேறு நாட்டுச் சராசரியை நம் பரப்பால் பெருக்காதீர்கள். சிப்பி ஓடு கலந்த மண்ணில் ஓட்டின் சுண்ணாம்பில் உள்ள கரிமத்தை அமிலமிட்டு நீக்கிய பின்னரே கணக்கிடுங்கள்.

பாதிப்பிலிருந்து மீண்டு நிலைத்திருக்கும் ஆற்றலான மீள்திறன் என்ற சொல்லைப் பலர் "வெள்ளத்துக்குப் பின் மீண்டும் பச்சையானதா" என்ற ஒரே கேள்வியாகச் சுருக்கிவிடுகிறார்கள். கடல்மட்டம் உயரும்போது உவர்ச்சதுப்பு பிழைக்க இரண்டே வழிகள்: வண்டல் சேர்த்துத் தானும் உயர்வது, அல்லது நிலப்பக்கம் நகர்வது. ஆறுகளின் வண்டலில் ஒரு பகுதியை நம் குளங்கள் மறித்துக்கொள்கின்றன. ஆகவே இங்கே இரண்டாவது வழியின் பாரம் கூடுகிறது. அந்த வழியில் வீதியோ, வயலின் உவர்த்தடுப்பு வரம்போ, புதிய வேலியோ நிற்கிறதா என்று பார்க்காமல் எழுதிய மீள்திறன் அறிக்கை பாதி அறிக்கைதான். அடுத்த முறை களப்பின் விளிம்பை வரையும்போது கடைசி உமரிச் செடியுடன் கோட்டை நிறுத்தாதீர்கள். அங்கிருந்து வயல் வரை நடந்து, எந்த இடத்தில் நெல் உவரால் மஞ்சளாகத் தொடங்குகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.