தம்பதி தனித்தனியே மலையேறும்போது: ஹோட்டல் செக்-இன், மெம்பர்ஷிப் சலுகைகள்

மனைவி சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் வருகிறார். கணவர் பெங்களூரில் ஆபீஸ் வேலையை முடித்துக்கொண்டு மைசூரு வழியாகக் காரில் வருகிறார். ஊட்டியில் ரூம் ஒன்றுதான். புக்கிங் கணவர் பெயரில், ரிசப்ஷனில் முதலில் வந்து நிற்பவர் மனைவி. சீசனில் இந்த நிலையில் பலர் லாபியில் மணிக்கணக்காக உட்கார நேர்கிறது. அதைத் தவிர்ப்பது எளிது. இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். புக்கிங்கில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் சாவி. மெம்பர்ஷிப் எண் யாருடையதோ அவர் நேரில் வந்து தங்கினால்தான் சலுகை. இரண்டையும் கீழே இருக்கும்போதே சரிசெய்துவிட வேண்டும். மலையேறிய பிறகு செய்யலாம் என்றால் சிக்னல் கிடைக்காது, கஸ்டமர் கேர் கிடைக்காது.

யார் பெயரில் புக் செய்வது

இருவரில் மெம்பர்ஷிப் நிலை உயர்ந்தவர் பெயரில் புக் செய்யுங்கள். மற்றவரை 'இரண்டாவது விருந்தினர்' என்று முழுப் பெயரோடு சேருங்கள். '2 பேர்' என்று எண்ணிக்கையை மட்டும் போட்டால் போதாது. பெயர் இல்லாத இரண்டாவது ஆள் ரிசப்ஷனைப் பொறுத்தவரை யாரோ ஒருவர்தான்.

ஹோட்டலின் சொந்தத் தளத்திலோ நேரடியாகப் போன் செய்தோ புக் செய்வது நல்லது. மேக்மைட்ரிப், அகோடா போன்ற இடைத் தளங்கள் வழியே போனால் பெரும்பாலான ஹோட்டல் குழுமங்கள் பாயிண்டும் தருவதில்லை, மெம்பர் சலுகையும் தருவதில்லை. பெயர் மாற்றவோ சேர்க்கவோ வேண்டுமென்றால், 'நீங்கள் புக் செய்த இடத்திலேயே கேளுங்கள்' என்பார்கள். விலையில் முந்நூறு நானூறு குறைகிறது என்று அங்கே போய், இரண்டு பேருக்கான காலை உணவையும் ரூம் அப்கிரேடையும் இழப்பதில் லாபமில்லை.

உயர்ந்த நிலையில் உள்ளவர் ஒரு நாள் தாமதமாக வருகிறார் என்றால் இரண்டு வழி உண்டு. முழுப் புக்கிங்கையும் அவர் பெயரிலேயே வைத்து, முதல் இரவு துணை மட்டும் தங்குவார் என்று எழுத்தில் ஒப்புதல் வாங்கலாம். அல்லது முதல் இரவைத் துணையின் பெயரிலும், மீதியை உறுப்பினர் பெயரிலும் தனித்தனியே போட்டு, 'இரண்டு புக்கிங்கையும் இணைத்து ஒரே ரூம் கொடுங்கள்' என்று கேட்கலாம். இரண்டாவது வழியில் பாயிண்ட் குழப்பம் இல்லை. ஆனால் இணைக்கச் சொல்ல மறந்தால் மறுநாள் காலை பெட்டியைக் கட்டி ரூம் மாற வேண்டியிருக்கும். ஹோட்டல் உடனே பதில் எழுதுகிறது என்றால் முதல் வழியே நல்லது.

குழுமத்துக்குக் குழுமம் விதி மாறும். ஊட்டி சவாய், குன்னூர் கேட்வே இரண்டும் தாஜ் குழுமத்தைச் சேர்ந்தவை. அங்கே டாடா குழுமத்தின் மெம்பர்ஷிப் திட்டமான நியூபாஸ் கணக்கில் நியூகாயின் என்ற பாயிண்ட் சேரும், ஒரு காயினின் மதிப்பு ஒரு ரூபாய். வழியில் கோவை லே மெரிடியனிலோ மதுரை கோர்ட்யார்டிலோ ஒரு இரவு தங்கினால் மேரியட் குழுமத்தின் மெம்பர்ஷிப் திட்டமான பான்வாயின் விதி வரும். உறுப்பினர் தானும் தங்கிப் பணமும் கட்டினால் மூன்று ரூம் வரை பாயிண்ட் உண்டு, ஆனால் எலைட் எனப்படும் உயர்நிலை உறுப்பினர் சலுகை அவர் தங்கும் ரூமுக்கு மட்டும்தான். எந்தக் குழுமமானாலும் ஒரே ரூமுக்கு இருவர் கணக்கிலும் பாயிண்ட் ஏறாது. கிளப் மஹிந்திரா, ஸ்டெர்லிங் போன்ற விடுமுறை மெம்பர்ஷிப் ரிசார்ட்டுகளில், உறுப்பினர் வராமல் மற்றவர் மட்டும் முதலில் வந்தால் விருந்தினர் கட்டணம் உண்டா, கடிதம் வேண்டுமா என்பதை முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

இனிஷியல் செய்யும் வேலை

இது நம் ஊர்ப் பெயர்களுக்கே உரிய தொல்லை. ஹோட்டல் மென்பொருள் குடும்பப் பெயரை வைத்துத்தான் தேடும். 'எஸ். கார்த்திக்' என்பவரின் மெம்பர்ஷிப் கணக்கில் குடும்பப் பெயர் இடத்தில் 'எஸ்' என்று இருக்கும், ஆதாரில் 'கார்த்திக் சுப்பிரமணியன்' என்று இருக்கும், புக்கிங்கில் 'கார்த்திக் கார்த்திக்' என்று விழுந்திருக்கும். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் மெம்பர்ஷிப் எண் புக்கிங்கில் ஒட்டாது, பாயிண்டும் வராது. கணவன் மனைவிக்குப் பொதுவான குடும்பப் பெயர் இல்லாததால், 'கார்த்திக் மனைவி' என்று சொல்லி நிற்பவரைப் பட்டியலில் கண்டுபிடிக்கவும் முடியாது. ஆகவே மெம்பர்ஷிப் கணக்கில் பெயரை அடையாள அட்டையில் உள்ளபடியே மாற்றிவிட்டுப் பிறகு புக் செய்யுங்கள். ரிசப்ஷனில் பெயரைச் சொல்வதற்கு முன் புக்கிங் எண்ணைச் சொல்லுங்கள்.

இரண்டு நாள் முன்பு அனுப்ப வேண்டியது

குழுமத்தின் கால் சென்டருக்குச் சொன்னது மலையில் இருக்கும் ரிசப்ஷனுக்குப் போய்ச் சேரும் என்று நம்ப வேண்டாம். ஹோட்டலின் நேரடி எண்ணுக்குப் போன் செய்து, அதையே ஈமெயிலாகவும் அனுப்புங்கள். புக் செய்தவரின் ஈமெயிலிலிருந்து போக வேண்டும். இப்படி எழுதினால் போதும்:

'புக்கிங் எண் (…), என் பெயரில். என் மனைவி (முழுப் பெயர்) வெள்ளி காலை 10 மணி அளவில் தனியாக வருவார். அவருக்குச் செக்-இன் செய்து சாவி கொடுக்க ஒப்புதல் தருகிறேன். நான் அன்று இரவு 11.30-க்குள் வருவேன். என் மெம்பர்ஷிப் எண் (…). சலுகைகள் முதல் நாளிலிருந்தே பொருந்துமா என்று தெரிவிக்கவும். இருவரின் அடையாள அட்டை நகலும் இணைத்துள்ளேன். பதில் எழுதவும்.'

பதில் வந்ததும் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். 'சரி சார், பார்த்துக்கலாம்' என்று போனில் சொன்னவர் அன்று டியூட்டியில் இருக்கமாட்டார்.

அடையாள அட்டை

வயது வந்த ஒவ்வொருவரும் தன் அட்டையின் அசலைக் கொண்டு வர வேண்டும். ஆதார், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் ஏதாவது ஒன்று. பான் அட்டையில் முகவரி இல்லாததால் வாங்கமாட்டார்கள். நகல் அனுப்பும்போது கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரையே அனுப்புங்கள், ஆதார் தளத்தில் இறக்கிக்கொள்ளலாம். ஒருவரிடம் வெளிநாட்டு பாஸ்போர்ட் இருந்தால், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் ஹோட்டல் அவருடைய விவரங்களை வெளிநாட்டவருக்கான அரசுத் தளத்தில் பதிவேற்ற வேண்டும். அவர் பின்னால் வந்தாலும் நேரே ரூமுக்குப் போகாமல் ரிசப்ஷனில் பாஸ்போர்ட், விசாவைக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

ஒருவரின் அட்டையில் குன்னூர், வெலிங்டன், கொடைக்கானல் என்று உள்ளூர் முகவரி இருந்தால் சில லாட்ஜுகள் ரூம் தர மறுக்கும். வேலைக்காக மலையில் இருப்பவரைப் பார்க்கத் துணை கீழிருந்து வரும்போது இது அடிக்கடி நடக்கிறது. புக் செய்யும்போதே கேளுங்கள்.

திருமணச் சான்று கேட்பது ஹோட்டலின் சொந்த விதி, சட்டம் இல்லை. கோவையில் சீல் வைக்கப்பட்ட ஒரு விடுதி பற்றிய வழக்கில், திருமணமாகாத இருவர் ஒரே அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் அந்த விதியை வைத்திருக்கும் லாட்ஜின் வாசலில் இரவு பத்து மணிக்கு, குளிரில் நின்று வாதாடிப் பயனில்லை. முன்பே கேட்டு, வேறு இடம் பார்த்துக்கொள்வது நிம்மதி.

பணம்

புக் செய்த கார்டை நேரில் காட்டச் சொல்வார்கள். அது பின்னால் வருபவரின் பர்ஸில் இருக்கும். முன்பே பேமெண்ட் லிங்க் அனுப்பச் சொல்லி முழு வாடகையையும் கட்டிவிடுங்கள். கூடுதல் செலவுக்கான டெபாசிட்டை முதலில் வருபவர் தன் கார்டில் கொடுக்கலாம். ஓடிபி பின்னால் வருபவரின் எண்ணுக்குப் போகும்படி எதையும் மிச்சம் வைக்காதீர்கள். அவர் அந்த நேரம் பந்திப்பூர் காட்டுக்குள் சிக்னல் இல்லாமல் வந்துகொண்டிருப்பார்.

ஒருவருக்கு ஒரு விலை, இருவருக்கு ஒரு விலை என்று இருக்கும் இடங்களில் ஜிஎஸ்டியைக் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை ரூ.7,500 வரை 5%, அதற்கு மேல் 18%. ஒருவருக்கு 7,200 என்றால் வரியோடு 7,560. துணை வந்ததும் 7,900 ஆகிறது என்றால் வரியோடு 9,322. வாடகை 700 ஏறினால் பில் 1,762 ஏறுகிறது. ஒருவர் மட்டும் தங்கும் இரவுக்கு ஒருவர் விலை போடச் சொல்லிக் கேளுங்கள். துணை வருவதை மறைக்க மட்டும் வேண்டாம். ரிசப்ஷனில் புதிதாகச் சேர்க்கும் ஆளுக்கு அன்றைய சீசன் விலைதான்.

வந்து சேரும் நேரம்

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் உண்டு. இது வண்டிக்கான பாஸ், குடும்பத்துக்கானது இல்லை. இரண்டு காரில் வந்தால் இரண்டு பாஸ். அரசுப் பேருந்திலும் ரயிலிலும் வருபவருக்குத் தேவையில்லை. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. ஒருவருக்குப் பாஸ் கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காமல் போகலாம். தேதி முடிவானதும் இரண்டையும் ஒரே உட்காரலில் எடுத்துவிடுங்கள்.

பந்திப்பூர்–முதுமலை சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். 9-க்கு முன் கேட்டைக் கடந்தாலும் கூடலூர் வழியாக ஊட்டி வந்து சேர நள்ளிரவு நெருங்கும். கடக்கத் தவறினால் மறுநாள் காலைதான். இங்கேதான் பெரிய நஷ்டம் காத்திருக்கிறது. நள்ளிரவுக்குப் பிறகு ஹோட்டல் அன்றைய கணக்கை முடிக்கும்போது, யாருமே வராத புக்கிங்கை 'வரவில்லை' என்று குறித்துவிடும். பல இடங்களில் அதோடு மீதி நாட்களும் ரத்தாகும். அதனால் முதலில் வருபவர் பெட்டியை மட்டும் வைத்துவிட்டு ஊர் சுற்றப் போகக் கூடாது. செக்-இன்னை முழுதாக முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும்.

முதலில் வருபவருக்கு வேறொரு பிரச்சினை, சீக்கிரம் வந்துவிடுவது. நீலகிரி எக்ஸ்பிரஸ் காலை 6 மணியை ஒட்டி மேட்டுப்பாளையம் வந்துவிடும். பஸ் பிடித்தால் பத்து மணிக்குள் ஊட்டி. கொடைக்கானலுக்குப் போவோரைப் பாண்டியன் எக்ஸ்பிரஸ் கொடை ரோடு ஸ்டேஷனில் விடியுமுன்னே இறக்கிவிடும். ரூமோ மதியம் 12-க்கோ 2-க்கோதான். சீக்கிரம் ரூம் தருவது மெம்பர் சலுகையாக இருந்தால், உறுப்பினர் வராதபோதும் துணைக்குத் தருவார்களா என்று ஈமெயிலிலேயே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் 7.10 மலை ரயிலுக்கு டிக்கெட் போட்டால், நண்பகலை ஒட்டித்தான் ஊட்டி வந்து சேரும். நேரம் தானாகப் பொருந்திவிடும்.

ரிசப்ஷனில் முதலில் வந்தவர்

பதிவு அட்டையில் இருவர் பெயரும் இருக்கிறதா, மெம்பர்ஷிப் எண் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அப்கிரேடு கிடைக்குமா என்று அப்போதே கேளுங்கள். பெட்டியைப் பிரித்த பிறகு உறுப்பினர் வந்து கேட்டால் நல்ல ரூம் வேறொருவருக்குப் போயிருக்கும். 'அவர் வந்தால்தான்' என்று சொன்னால், அந்த வகை ரூமை ஒதுக்கி வைக்க முடியுமா என்று கேட்கலாம்.

இரண்டாவது சாவியை, வருபவர் பெயர் எழுதிய கவரில் போட்டு ரிசப்ஷனில் விடுங்கள். காட்டேஜ்களில் ஒரே சாவிதான் இருக்கும். அங்கே இரவுக் காவலரிடம் வண்டி எண்ணையும் வரும் நேரத்தையும் சொல்லிவைப்பது அவசியம். சிறிய இடங்களில் பத்து மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். வெந்நீர் எந்த நேரம் வரும் என்றும் கேளுங்கள். காலையில் மட்டும் என்றால், நள்ளிரவில் வருபவருக்கு ஒரு வாளி வெந்நீர் சொல்லிவைக்கலாம்.

சாப்பாட்டில் பலர் பணத்தை இழக்கிறார்கள். காலை உணவோடு ஒரு வேளைச் சாப்பாடும் சேர்ந்த எம்ஏபி பேக்கேஜ் எடுத்து, ஒருவர் இரவுச் சாப்பாட்டுக்கு வராமல் போனால் அது கழிந்ததாகவே கணக்கு. மாலைக்குள் சொன்னால் பல ஹோட்டல்களில் மறுநாள் மதியத்துக்கு மாற்றித் தருவார்கள், அல்லது தட்டு எடுத்து மூடி ரூமில் வைப்பார்கள். கிச்சன் மூடிய பிறகு கேட்டால் பிஸ்கட்தான்.

தனித்தனியே கிளம்பும்போது

உறுப்பினர் ஒரு நாள் முன்பே கீழிறங்குகிறார் என்றால், 'நான் செக்-அவுட் செய்யவில்லை, என் மனைவி நாளை வரை இருப்பார்' என்று தெளிவாகச் சொல்லுங்கள். இல்லையென்றால் பில்லை மூடிவிடுவார்கள், துணையின் சாவி அட்டை வேலை செய்யாது. அதுவரையான தொகையைக் கட்டி ரசீது வாங்குங்கள். மொத்த பில் உறுப்பினர் பெயரிலேயே முடிய வேண்டும். துணை தன் பெயரில் கட்டி முடித்தால் பாயிண்ட் தடைபடலாம். ஆபீஸ் செலவாகத் தங்கியவர், துணைக்கான கூடுதல் தொகையைத் தனி பில்லாகப் பிரிக்கச் சொல்லலாம்.

ஊர் திரும்பி ஒரு வாரம் பத்து நாளில் பாயிண்ட் ஏறியதா என்று பாருங்கள். ஏறவில்லையென்றால் மெம்பர்ஷிப் தளத்தில் விடுபட்ட பாயிண்டுக்கான படிவம் இருக்கும். பில் எண், தங்கிய தேதி, பில்லின் நகல் மூன்றும் கேட்பார்கள். அதில் பெயர் கணக்கில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்பதால், கவுண்டரை விட்டு நகரும் முன் பில்லில் இனிஷியலை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.