ஏழு அடுக்கை மனப்பாடம் செய்வதற்கு முன் இந்த நான்கு படி

வேலூர், காட்பாடிப் பக்கக் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் பாடத்தை இந்தப் பருவத்தில் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நெட்வொர்க் வேலையை அடுக்குகளாகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாடலின் ஏழு அடுக்குகளை வரிசையாக ஒப்பித்தால் மதிப்பெண் வரும், பாடம் புரியாது. உங்கள் லேப்டாப்பை விட்டு ஒரு பாக்கெட் (தரவின் சிறு பொட்டலம்) எப்படி வெளியே போகிறது என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். விண்டோஸ் லேப்டாப்பும் வைஃபையும் இருந்தால் போதும்.

படி 1: கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடியுங்கள் (கட்டளை எல்லாம் ஆங்கில எழுத்தில்தான்). ஐபி முகவரி (நெட்வொர்க்கில் உங்கள் லேப்டாப்பின் எண்), சப்நெட் மாஸ்க் (அந்த எண்ணில் எந்தப் பகுதி உங்கள் நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று காட்டுவது), டீஃபால்ட் கேட்வே (வெளியே போகும் வாசலான ரூட்டர்) மூன்றையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். வெளியூர் ரயிலைப் பிடிக்க வேலூர்க்காரர்கள் முதலில் காட்பாடி ஜங்ஷனுக்குப் போவது போல, வைஃபைக்கு வெளியே போகும் பாக்கெட் முதலில் கேட்வேக்குத்தான் போகும்.

படி 2: பிங் (ping) என்று அடித்து, இடம் விட்டு 8.8.8.8 போடுங்கள். அது கூகுளின் டிஎன்எஸ் (இணையதளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் சேவை) முகவரி. நான்கு பதில்கள் வரும், ஒவ்வொன்றிலும் மில்லிசெகண்ட் கணக்கு இருக்கும். கல்லூரி வைஃபையில் பதில் வராவிட்டால் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் முயலுங்கள். ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகிறது. பதில் தரும் கணினி சென்னையில் இருப்பதாக வைத்துக்கொண்டால், நமக்கு ஏறக்குறைய 140 கி.மீ.; போய்வர 1.4 மில்லிசெகண்ட் போதும். உங்கள் திரையில் அதைவிட அதிகம்தான் காட்டும். வைஃபை, ரூட்டரில் காத்திருப்பு, கேபிளின் சுற்றுவழி எல்லாம் சேருகிற நேரம் அது. பதில் சென்னையிலிருந்துதான் வருகிறது என்றும் சொல்ல முடியாது.

படி 3: எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். டிரேஸர்ட் (tracert) என்று அடித்து, அப்புறம் அதே 8.8.8.8. வழியில் உள்ள ரூட்டர்கள் வரிவரியாக வரும். முதல் வரியில் பெரும்பாலும் உங்கள் கேட்வே இருக்கும், நோட்டில் சரிபாருங்கள். ஒவ்வொரு பாக்கெட்டிலும் டிடிஎல் என்று ஓர் எண் உண்டு. கடக்கும் ஒவ்வொரு ரூட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும். பூஜ்யம் ஆனால் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, அனுப்பியவருக்குத் தகவல் சொல்லும். வழி தவறிய பாக்கெட் காலம் முழுக்கச் சுற்றாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. டிரேஸர்ட் முதலில் டிடிஎல் 1 வைத்து அனுப்புகிறது. முதல் ரூட்டர் தகவல் சொல்கிறது. அடுத்து 2, அடுத்து 3. இப்படியே வழி முழுக்கத் தெரிந்துவிடுகிறது! நடுவில் நட்சத்திரக் குறி வந்தால் பயப்படாதீர்கள், அந்த ரூட்டர் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

படி 4: ஏஆர்பி (arp) என்று அடித்து, இடம் விட்டு, ஒரு ஹைஃபனும் ஏ எழுத்தும் சேருங்கள். கேட்வேயின் ஐபி முகவரிக்கு எதிரே அதன் 48 பிட் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) இருக்கும். பாக்கெட் சேர வேண்டிய ஐபி முகவரி வழி முழுக்க 8.8.8.8 தான். மேக் முகவரியோ ஒவ்வொரு ரூட்டரைத் தாண்டும்போதும் மாறும். ஏஆர்பி காட்டும் பட்டியலில் 8.8.8.8 இருக்காது. ஏன் என்று உங்கள் சொந்த வார்த்தையில் நான்கு வரி எழுதிவிட்டு, டேட்டா லிங்க், நெட்வொர்க் அடுக்குகளின் பாடத்தைத் திறங்கள்.