பற்பசை டப்பாவில் பலூன் கார்

கோடை விடுமுறையில் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலில் பலூன் கார் செய்தோம். காற்று புஸ்ஸென்று வெளியேறியது, கார் இருந்த இடத்திலேயே இருந்தது. "அப்பா, இது பார்க்கிங்ல நிக்குது" என்றாள் மகள். மூன்று முறை பிரித்துப் போட்டபிறகு ஓடிய காரின் செய்முறை இது.

காலியான பற்பசை அட்டை டப்பா, ஒரே அளவில் நான்கு பாட்டில் மூடி, ஈர்க்குச்சி, தீர்ந்துபோன ரீஃபில், பழைய பேனாவின் வெறுங்கூடு, பலூன், கறுப்பு இன்சுலேஷன் டேப். சைக்கிள் கடையில் வால்வ் ட்யூப் (மெல்லிய ரப்பர் குழாய்) கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளைப் பசை வேண்டாம், பிளாஸ்டிக்கில் பிடிக்காது.

பாட்டிலை ஏன் விட்டேன்? உருண்டையான அடியில் இரண்டு அச்சையும் இணையாக ஒட்டுவது பெரியவர்களுக்கே கஷ்டம். டப்பாவுக்கு நேரான விளிம்பு இருக்கிறது, அதையே அளவாக வைத்துக்கொள்ளலாம்.

முதலில் மூடிகளில் துளை. பல மூடிகளின் நடுவில் மூடியை வார்க்கும்போது விழுந்த சின்னப் புள்ளி தெரியும், அங்கேயே சூடான ஊசியால் குத்துங்கள் (இது உங்கள் வேலை, பிள்ளைகளுடையது அல்ல). புள்ளி இல்லையா? மூடியைக் காகிதத்தில் வைத்து வட்டம் வரைந்து, வெட்டி, நான்காக மடித்தால் நடு கிடைத்துவிடும். துளை தள்ளிப்போனால் கார் நொண்டும்.

நான் மாட்டிக்கொண்டது அடுத்த இடத்தில். குச்சியை டப்பாவின் அடியில் டேப் போட்டு ஒட்டிவிட்டேன். அப்புறம் சக்கரம் எப்படிச் சுற்றும்? நுங்கு வண்டி ஓட்டியவன் நான், இது தெரிந்திருக்க வேண்டும். அதில் இரண்டு நுங்குக் கூடும் குச்சியோடு இறுகியிருக்கும், கவட்டைக்குள் குச்சிதான் சுற்றும். இங்கே கவட்டையின் வேலையைச் செய்வது ரீஃபில். முனையைக் கழற்றி, டப்பாவின் அகலத்துக்கு இரண்டு துண்டு வெட்டி, அடியில் குறுக்காக ஒட்டுங்கள். துடைப்பத்திலிருந்து ஒவ்வொரு குச்சியாக நுழைத்துப் பார்த்து, தடையில்லாமல் சுற்றுவதை எடுங்கள். (வீட்டில் திட்டு விழும்.) குச்சி டப்பாவின் அகலத்தைவிட 3 செ.மீ. நீளமாக இருக்கட்டும். மூடியைச் செருகி, அதன் இருபுறமும் வால்வ் ட்யூப் துண்டு மாட்டினால் நழுவாது. ரீஃபிலுக்கும் சக்கரத்துக்கும் இடையில் 2 மி.மீ. இடைவெளி விடுங்கள், உரசினால் நின்றுவிடும்.

வால்வ் ட்யூப் என் கண்டுபிடிப்பில்லை. தீக்குச்சிகளை அதைக் கொண்டு இணைத்து வடிவங்கள் செய்யக் கற்றுக்கொடுத்தவர் அரவிந்த் குப்தா, 2018-ல் பத்மஸ்ரீ பெற்றவர். பசை காயக் காத்திருக்க வேண்டாம், பிரித்துத் திரும்பவும் மாட்டலாம். பொறுமையில்லாத பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல இணைப்பு இல்லை.

சரி, பலூன். இரு பக்கமும் திறந்த பேனாக் கூட்டில் பலூன் வாயை மாட்டி டேப்பால் இறுக்குங்கள். ஊதிவிட்டு, கூட்டின் வாயை விரலால் அடைத்து, டேப் போட்ட இடத்தைக் கன்னத்தருகே வைத்தால் கசிவு தெரிந்துவிடும். கூட்டை டப்பாவின் மேல், நேர் பின்னோக்கி ஒட்டுங்கள். நான் முதலில் ரீஃபிலையே குழாயாக வைத்தேன். காற்று நூல்போல வந்தது, தள்ள வலுவில்லை. காற்று பின்னால் பீறிட்டால்தான் கார் முன்னால் போகும். ராக்கெட்டும் இப்படித்தான்.

பிற்சேர்க்கை: கார் வட்டமடிக்கிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அச்சு கோணியிருக்கும், அல்லது குழாய் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். பலூன் தரையில் உரசுகிறது என்றவர்கள், பலூன் இருக்கும் பக்கம் குழாயின் கீழே ஒரு மூடியை வைத்து உயர்த்துங்கள்.

இன்னொன்று, முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்: 8 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் ஊதாத பலூனைக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். வெடித்தால் துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள்.