கொசுவில் ஆண் பெண் பிரிக்கும் கருவி: ப்ராஜெக்ட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியில் ஜிப்மர் பக்கத்தில் இருக்கும் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், டெங்கு வைரஸ் கொசுவுக்குள் பெருகுவதைத் தடுக்கும் வோல்பாக்கியா பாக்டீரியாவை ஏற்றிய ஏடிஸ் கொசுக்களை (டெங்கு பரப்பும் இனம்) உருவாக்கிய செய்தி 2022-இல் வந்தது. அதற்கப்புறம் என்னிடம் யோசனை கேட்டு வரும் இறுதியாண்டுக் குழுக்களில் ஒன்றாவது கொசு பிரிக்கும் கருவியோடு வருகிறது. குழாயில் வரும் கூட்டுப்புழுவை (புழுவுக்கும் கொசுவுக்கும் இடைப்பட்ட பருவம்) கேமரா பார்க்கும், ஆணா பெண்ணா என்று கம்ப்யூட்டர் சொல்லும், வால்வு திறந்து அதைத் தனித்தனி டப்பாவுக்கு அனுப்பும். நல்ல தலைப்புதான். ஆண் கொசு கடிக்காது. ஆணை மட்டும் பறக்கவிட்டுக் கொசுவைக் குறைக்கும் முறைகளுக்கு, பெண் கலக்காமல் பிரித்துத் தருவதுதான் பெரிய தலைவலி. ஆனால் நான் மாணவனாக இருந்தபோது செய்த அதே தப்புகளைப் பிள்ளைகள் வரிசை மாறாமல் செய்கிறார்கள்.

வயரைத் தப்பாகச் சொருகுவது, புரோகிராமை பேக்கப் எடுக்காமல் விடுவது எல்லாம் இங்கே வராது. ஒரு ராத்திரி கண் விழித்தால் அதெல்லாம் சரியாகிவிடும்.

அளவை மட்டும் நம்புவது

ஏடிஸ் கூட்டுப்புழுவில் ஆண் சிறிது, பெண் பெரிது. இதை வைத்து 1959-இலேயே ஃபே, மார்லன் என்ற இருவர் இரண்டு கண்ணாடித் தகடுகளை இடைவெளி கீழே குறுகும்படி சாய்த்து வைத்து ஒரு கருவி செய்துவிட்டார்கள். இன்றும் அதே முறை புழக்கத்தில் இருக்கிறது. நம் பிள்ளைகளும் கேமராவில் நீளத்தை அளந்து பிரித்துவிடலாம் என்று இறங்குகிறார்கள். ஒரு ட்ரேயில் புழுக்களை நெருக்கி அடைத்து, தீனியையும் குறைத்துப் போட்டால் பெண்ணும் சிறுத்துப் போகும்; பெரிய ஆணுக்கும் சிறிய பெண்ணுக்கும் அளவு ஒன்றாகிவிடும். கேமராவைத் தொடும் முன் ட்ரேக்கு எத்தனை புழு, எவ்வளவு தீனி என்பதை முடிவு செய்து, கடைசி வரை அதை மாற்றாதீர்கள்.

ஒரே பூச்சியைப் பயிற்சியிலும் சோதனையிலும் வைப்பது

இதை எத்தனை தடவை சொன்னாலும் யார் காதிலும் ஏறுவதில்லை.

ஒரு கூட்டுப்புழுவைப் பெட்ரி டிஷ்ஷில் விட்டுப் பத்து விநாடி வீடியோ எடுப்பார்கள். விநாடிக்கு 30 ஃபிரேம் என்றால் 300 படம். இருபது கூட்டுப்புழு எடுத்தால் 6000. "சார், 6000 இமேஜ் டேட்டாசெட்" என்று முகமெல்லாம் சிரிப்பாக வந்து நிற்பார்கள். ஆறாயிரம் இல்லை தம்பி, இருபதுதான். அந்த 6000 படத்தையும் குலுக்கி 80 சதவீதத்தை மாடலின் (படம் பார்த்து ஆண், பெண் கற்கும் புரோகிராம்) பயிற்சிக்கும், 20 சதவீதத்தை அது கற்றதா என்று பார்க்கும் சோதனைக்கும் பிரிப்பார்கள். புரோகிராமில் ஒரே வரிதான். விளைவு, ஒரு பூச்சியின் 47-ஆவது ஃபிரேம் பயிற்சியில் இருக்கும், 48-ஆவது ஃபிரேம் சோதனையில் இருக்கும். வினாத்தாளை முந்தின நாளே கையில் கொடுத்துவிட்டு, மறுநாள் வாங்கிய மார்க்கைப் பார்த்துப் பூரித்துப் போவது மாதிரிதான் இது.

இதோடு இன்னொரு கோளாறும் சேர்ந்துகொள்ளும். ஒரே நாளில் பொரித்த புழுக்களில் ஆண்தான் முந்திக்கொண்டு கூட்டுப்புழுவாகும். அதனால் முதல் நாள் எடுத்த படங்களில் பெரும்பாலும் ஆண், பிந்தி எடுத்தவற்றில் பெண். முதல் நாள் ஜன்னல் வெளிச்சம், பிந்திய நாள் டியூப்லைட். அதற்குள் தீனி கரைந்து தண்ணீரும் கலங்கியிருக்கும். மாடல் கொசுவை எதற்குப் பார்க்கப் போகிறது? தண்ணீரின் நிறத்தைப் பார்த்தாலே விடை கிடைத்துவிடுகிறதே.

கடலூர் பக்கத்துக் குழு ஒன்று லேபில் 98 சதவீதம் காட்டியது. ரிவியூ நடந்த ஹாலில் விளக்கு வேறு; வைத்த கூட்டுப்புழு எல்லாவற்றையும் கருவி பெண் என்றது. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் பொறுமைசாலி. பூச்சியை எடுத்துவிட்டு வெறும் தண்ணீரை மட்டும் வைக்கச் சொன்னார். திரையில் வந்தது: "பெண், 96 சதவீதம்."

அதுகூடப் போகட்டும். எந்தப் படம் எந்தப் பூச்சியுடையது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. அதனால் படங்களைப் பூச்சிவாரியாகத் திரும்பப் பிரிக்கவும் வழியில்லை. வால்வு, பம்பு, கேமரா எல்லாம் வாங்கிக் காசு தீர்ந்தபின், படம் எடுப்பதிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்கள். எனக்கு இன்றும் எரிச்சல் அதில்தான். ஃபைல் பெயரில் ட்ரே எண், தேதி, பூச்சி எண் மூன்றும் இருந்திருந்தால் ஒரு சாயங்காலத்தில் தீர்ந்திருக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். வீடியோ எடுத்ததும் அந்தக் கூட்டுப்புழுவைத் தனியாக ஒரு சின்னக் குப்பியில் தண்ணீரோடு விட்டு, பஞ்சால் அடைத்து, அதே எண்ணை ஒட்டுங்கள். இரண்டு நாள் போல் பொறுத்தால் கொசு வெளியே வரும். உணர்கொம்பு இறகு போலப் புசுபுசுவென்று இருந்தால் ஆண், முடி குறைவாக இருந்தால் பெண். கூட்டுப்புழுவைக் கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாக லேபிள் போட வேண்டாம். அப்புறம் ஒரு முழு ட்ரேயைத் தொடாமல் சோதனைக்கென்று ஒதுக்குங்கள். சரியாகச் சொல்லும் சதவீதம் சட்டென்று இறங்கும். உங்கள் உண்மையான சதவீதம் அதுதான். வெறும் தண்ணீர்ப் படத்தையும் மாடலுக்குக் கொடுத்துப் பாருங்கள். அதற்கும் அடித்துச் சொல்கிறது என்றால் இன்னும் கொசுவைக் கற்கவில்லை.

சோலினாய்டுக்கு டயோடு போடாதது

போடுங்கள். வால்வைத் திறக்கும் மின்காந்தச் சுருள்தான் சோலினாய்டு; அதை அணைக்கும்போது எகிறும் மின்னழுத்தத்தை டயோடு அடக்கும். கருவியை ஓட்டும் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆவதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

வால்வு பிந்துவது

மாடல் பதில் சொல்ல 0.2 விநாடி ஆகிறது, குழாயில் தண்ணீர் விநாடிக்கு 10 செ.மீ. ஓடுகிறது என்றால், முடிவு வருவதற்குள் பூச்சி 2 செ.மீ. தள்ளிப் போயிருக்கும். வால்வு திறக்கும் நேரத்தையும் கூட்டிக்கொண்டு, பிரியும் இடத்தை அதற்கு அப்பால் வையுங்கள். கேமராவுக்கு நேர் கீழே வைத்த டிசைன்களாகவே நான் பார்க்கிறேன்.

நிழல்

கூட்டுப்புழு நிழல் பட்டாலே குட்டிக்கரணம் போட்டு அடியில் போய்விடும். டெமோவில் நாலு பேர் தலையை நீட்டி எட்டிப் பார்ப்பார்கள். படமெடுக்கும் பகுதியை மூடி, விளக்கைக் கீழிருந்து கொடுங்கள்.

ஹாஸ்டலில் வளர்ப்பது

கூடாது. ஏடிஸ் முட்டை காய்ந்த பாத்திரத்தில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ட்ரேயைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டோம் என்பது பதில் இல்லை. பூச்சியியல் லேபோடு பேசி, அவர்கள் இடத்திலேயே வேலை பாருங்கள்.

ஒற்றைச் சதவீதம்

500 ஆண், 500 பெண்ணைப் பிரித்து 98 சதவீதம் சரி என்று எழுதுகிறீர்கள். தவறிய இருபதும் ஆண் டப்பாவில் விழுந்த பெண்ணா, பெண் டப்பாவில் விழுந்த ஆணா? முதலாவது என்றால் கடிக்கும் கொசுவை நீங்களே ஊருக்குள் விடுகிறீர்கள். இரண்டாவது என்றால் கொஞ்சம் ஆண் வீண், அவ்வளவுதான். ரிப்போர்ட்டில் இரண்டையும் தனித்தனியாகக் கொடுங்கள். மாடலுக்குச் சந்தேகம் வந்தால் பூச்சி பெண் பக்கமே போகும்படி வரம்பை வையுங்கள்; ஐம்பது ஆண் வீணானாலும் பரவாயில்லை.