58 வயதுக்கு அப்புறம் அரை நாள் வேலை: கையெழுத்துப் போடும் முன் கவனிக்க வேண்டியவை

மார்த்தாண்டம் பக்கம் ஒரு அண்டி ஆபீசில், அதாவது முந்திரிப் பருப்புத் தொழிற்சாலையில், 31 வருஷமாக வேலை செய்கிறேன். முதலில் கொட்டை உடைத்தேன், பிறகு பருப்புத் தரம் பிரிக்க வந்தேன். இப்போது 60 வயது. காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுகிறேன். இப்படிப் பாதி ஓய்வு எடுக்க நினைக்கிற அக்காமாருக்குத்தான் இதை எழுதுகிறேன்.

58 ஆகும் முன் சம்பளத்தைக் குறைய விடாதீர்கள். முதுகு வலித்தால் சம்பளத்தோடு லீவு கேளுங்கள், உட்கார நல்ல ஸ்டூல் கேளுங்கள். பி.எஃப். பென்ஷனுக்குக் கடைசி 60 மாதச் சம்பளத்தின் சராசரியைத்தான் எடுக்கிறார்கள். என் பக்கத்தில் இருந்த அக்கா 55 வயதில் அரை நாளுக்கு மாறினார். 9,000 ரூபாய் 4,500 ஆனது. 2 வருஷம் முழுச் சம்பளம், 3 வருஷம் பாதி, சராசரி 6,300. காலம் முழுக்க வாங்கப்போகிற பென்ஷனே அதனால் குறைந்துவிட்டது. முன்னாலேயே ஒருத்தராவது சொல்லியிருக்க வேண்டாமா? எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

வேலையை விடும்போது முதலாளி தரும் கிராஜுவிட்டித் தொகையும் அப்படித்தான். வருஷத்துக்கு 15 நாள் கூலி, அதுவும் கடைசியாக வாங்கிய கூலிப்படி. செய்த அளவுக்குக் கூலி வாங்கும் பீஸ் ரேட் என்றால் கடைசி 3 மாதச் சராசரி. அதனால் முழு வேலையில் இருக்கும்போதே கணக்கை முடித்துப் பணத்தை வாங்குங்கள். அப்புறம் அரை நாள் வேலைக்குப் புதிதாகச் சேரலாம்.

வேலையை விட்டால்தான் பென்ஷன் என்று பலர் நினைக்கிறார்கள். 10 வருஷ சர்வீஸ் இருந்தால், 58 முடிந்ததும் வேலை பார்த்துக்கொண்டே வாங்கலாம். 60 வரை தள்ளிப்போட்டால் வருஷத்துக்கு 4 சதவீதம் கூடும். வீட்டில் மருந்துச் செலவு இருந்ததால் நான் காத்திருக்கவில்லை. பென்ஷன் கேட்டு 10டி படிவம் கொடுக்கும் முன் ஆதாரிலும் பி.எஃப். கணக்கிலும் பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜெர்மனியில் 1996 முதல் 55 வயது ஆனவர்கள் வேலை நேரத்தைப் பாதியாக்கிக்கொள்ளச் சட்டம் இருக்கிறது. அங்கேயும் பெரும்பாலோர் முதல் சில வருஷம் முழுநேரம் உழைத்துவிட்டு, மீதி வருஷங்கள் வீட்டில் இருக்கும் வழியைத்தான் எடுத்தார்கள். நமக்குத் தனியார் வேலையில் அப்படிச் சட்டம் இல்லை. முதலாளியிடம் நாமேதான் பேச வேண்டும்.

எந்த நேரம் வேண்டும் என்பதை உடம்பைப் பார்த்துக் கேளுங்கள். ஒரு ராத்தலுக்கு (ஒரு பவுண்டு எடைக்கு) 240 பருப்பு நிற்கிற ரகத்தையும் 320 நிற்கிற ரகத்தையும் நான் கண்ணாலேயே பிரிக்க வேண்டும். மதியத்துக்கு மேல் எனக்குக் கண் மங்கும். அதனால் காலை நேரம் கேட்டேன், புதுப் பிள்ளைகளுக்குத் தொழில் சொல்லித் தருகிறேன் என்றேன், சம்மதித்தார்கள். நேரம், கூலி, இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு எல்லாவற்றையும் தாளில் எழுதி வாங்குங்கள்.

பென்ஷன் வர ஆரம்பித்தால் வருஷம் ஒருமுறை உயிர்ச்சான்று கொடுக்க வேண்டும். கொட்டை உடைத்தவர்களுக்குத் முந்திரி ஓட்டில் இருக்கும் தோட்டு எண்ணெய் பட்டு விரல் நுனி வெந்து ரேகையே அழிந்திருக்கும், மிஷினில் விழாது. எனக்கும் விழவில்லை. பதறாதீர்கள், செல்போனில் முகத்தைக் காட்டியும் பதியலாம்.